குர்னா: மக்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு கிராமத்தின் வரலாறு

‘சூழலியற் கிராமம்’ என்னுந் தொடர் மிக அண்மைக் காலத்தது. டென்மார்க் நாட்டின் கயா அறக்கட்டளைக்காக றொபேட் கில்மன், டயான் கில்மன் ஆகிய இருவர் 1991ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையொன்றின் பின்னரே அது பரவலான வழக்குப் பெற்றது. 1995இல் ஸ்கொத்லாந்தின் பின்ட்ஹோர்ன் என்னுமிடத்திற் கூடிய மாநாட்டின் பயனாக இத்தகைய கிராமங்களை இணைக்கும் உலக வலையமைப்பொன்றும் உருவாயிற்று. நம் நாட்டுச் சர்வோதய இயக்கமும் அதனோடு தொடர்பு கொண்டதே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் களுத்துறை மாவட்டத்தின் லகொஸ்வத்தவில் அவ்வியக்கம் இவ்வகைக் கிராமமொன்றை அமைத்தமையைப் பலர் அறிவர். உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு, உள்ளூர்க் கைத்திறனால், இயற்கையின் வளத்தை அழியாது பேணி, அவ்வூர் மக்களோடு சேர்ந்து நிலைபேறான ஒரு வாழிடத்தை ஆக்குதல் என்று இதன் இலக்கணத்தைச் சுருக்கிக் கூறலாம்.

ஆயின் பெயர் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே இந்த இலக்கணத்திற் பெரும்பகுதியை ஒருவர் செயலிற் காட்ட முயன்றிருந்தார். எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் பத்ஹி (1900-1989) என்பாரே அவர். மேல் எகிப்தில், நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சோர் நகருக்கு எதிரே அவர் கட்டிய புதிய குர்னா என்ற கிராமத்தின் கதையே இக்கட்டுரையின் பொருள். அது அழகிற் சிறந்த கிராமம். செலவிற் குறைந்த கிராமம். மண்ணுக்கும் வெயிலுக்கும் இயைந்த கிராமம். எவருக்காக அது கட்டப்பட்டதோ அவர்கள் அங்கே குடியேற மறுத்துவிட்டார்கள் என்பதுதான் அதன் வரலாற்றுச் சிக்கல்.

பத்ஹி இந்த அனுபவத்தைத் தாமே ஒரு நூலாக எழுதினார். 1969இல் கெய்ரோவிற் சிறு பதிப்பாக வெளிவந்தபோது அதன் பெயர் ‘குர்னா: இரு கிராமங்களின் கதை’ என்ற பொருளில் அமைந்திருந்தது. 1970இல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ‘மக்களோடு கட்டுதல்’ எனப் பெயரிடப்பட்டது. 1973இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் வெளியிட்டு உலகெங்கும் பரப்பிய ஆங்கிலப் பதிப்போ ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்ற தலைப்பைப் பெற்றது. ஒரே நூலுக்கு ஒரு மொழியில் ‘ஓடு’ என்ற மூன்றாம் வேற்றுமையும், இன்னொரு மொழியில் ‘கு’ என்ற நான்காம் வேற்றுமையும் வாய்த்தன. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் உடனிகழ்ச்சி ஒன்று. நான்காம் வேற்றுமைக்கோ கொடையும் பொருள், பகையும் பொருள் என்பர் நம் இலக்கண நூலார். குர்னாவில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இவ்விரு உருபுகளுக்கிடைப்பட்ட தூரத்தை அளந்தாலே போதும் என்று தோன்றுகின்றது.

முதலிற் பழைய குர்னாவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பண்டைய தீப்ஸ் நகரத்துப் பிரபுக்களின் கல்லறைகள் குடையப்பட்ட மலைச்சரிவிலே, அக்கல்லறைகளுக்கு மேலும் இடையிலுமாக ஐந்து குடியிருப்புகள் பரந்து கிடந்தன. பத்ஹியின் காலத்தில் அங்கு ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்ததாக அவர் எழுதுகின்றார். வீடுகள் வெயிலில் உலர்ந்த மண்கற்களால் ஆனவை. பல வீடுகளின் பின்புறத்தே குடைவரையொன்று குளிர்ந்த அறையாகவோ கால்நடைகளின் தொழுவமாகவோ பயன்பட்டது. மலைச்சரிவிற் பயிர் விளையாது. எனவே ஊர் எத்துணை வளர்ந்தாலும் நைலின் வண்டல் படிந்த வயலில் ஒரு முழமேனும் அதனாற் குறையவில்லை. இதனை வாசகர் நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

இம்மக்கள் எவ்வாறு பிழைத்தனர்? வயல்களிற் கூலிக்கு உழைத்தனர், அகழ்வாய்வாளர்களிடம் மண் வெட்டினர், பயணிகளுக்கு வழிகாட்டினர், போலிச் சிலைகள் செதுக்கி விற்றனர், கல்லறைப் பொருள்களை எடுத்து மறைவாக விற்றவர்களும் உளர். தெயிர் எல் பஹ்ரியில் அரசர்களின் பதப்படுத்திய உடல்கள் ஒருங்கே மறைத்து வைக்கப்பட்டிருந்த குழியை அப்துல் ரசூல் குடும்பத்தினர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இரகசியமாக வைத்திருந்து, 1881இல் அரசாங்கத்துக்கு வெளிப்படுத்த நேர்ந்த செய்தி உலகப் பிரசித்தம். அன்றிலிருந்து ‘குர்னாவாசி’ என்றாற் ‘கல்லறைக் கள்வன்’ என்ற கருத்து அதிகாரிகளின் மனத்தில் ஊன்றிவிட்டது. இப்பொருள்கள் சென்று சேர்ந்த செல்வர் மாளிகைகளுக்கும் நூதனசாலைகளுக்கும் அத்தகைய பெயர் எதுவும் சூட்டப்படவில்லை என்பதையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும்.

1940களின் முற்பகுதியிற் பதிவு பெற்ற பாறைச் செதுக்கலொன்று முழுதாகவே பெயர்த்தெடுக்கப்பட்டுக் களவு போயிற்று. இதனால் விழிப்புற்ற தொல்பொருட் திணைக்களம் ஊரையே அகற்றத் தீர்மானித்தது. மலைச்சரிவின் வீடுகளைச் சுவீகரித்து, கீழே வயல்வெளியில் ஏறத்தாழ 50 ஏக்கர் நிலம் பெறப்பட்டு, அங்கே புதிய ஊரொன்று கட்டப்பட வேண்டும் என்பது திட்டம். ஆகவே இக்கிராமத்தின் தோற்றுவாய் ஊராரின் விருப்பமன்று. கல்லறைகளைக் காக்க எண்ணிய ஒரு திணைக்களத்தின் ஆணையே. சீமெந்தும் உருக்கும் கொண்டு 7,000 பேருக்கு வீடமைப்பதாயின் திணைக்களத்தின் பணம் சிறு பகுதிக்கும் போதாது. மண்ணாற் கட்டினால் மலிவாகும் என்று காட்டியிருந்த ஒரு கட்டடக்கலைஞரை அவர்கள் தேடிச் சென்றது இதனாலேயே.

மண்ணை நோக்கிப் பத்ஹி திரும்பியமை சிந்தித்தற்குரிய ஒரு தனிக் கதை. சுவரை மண்ணால் எழுப்புதல் எகிப்திய உழவர் எவருக்கும் கைவந்த கலை. இடர்ப்பாடு கூரையிலே இருந்தது. மரம் விளையாத நாட்டிற் கூரைக்கு மரம் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. எனவே மண்கல்லாலேயே வளைவுக்கூரை அமைக்கப் பத்ஹி முயன்றார். மரச்சட்டத் தாங்கலின்றி அமைத்த வளைவுகள் இடிந்து வீழ்ந்தன. அப்பொழுது அஸ்வானிற் பணிபுரிந்த அவருடைய சகோதரர், அங்குள்ள நூபிய மக்கள் தாங்கல் எதுவுமின்றியே இத்தகைய கூரை வேய்கின்றனர் என்று தெரிவித்தார். 1941இல் அஸ்வான் சென்ற பத்ஹி, கற்றறிந்த பொறியியலாளர் இயலாது என்று கைவிட்டதை எழுத்தறியா மேசன்மார் அன்றாடத் தொழிலாகச் செய்வதைக் கண்டார்.

அம்முறை எளிமையானது. அறையின் பின்சுவரை மற்றைய சுவர்களைவிட உயர்த்தி, அதன்மேல் வளைவின் கோட்டை மேசன் கண்ணளவாலே மண்கொண்டு தீட்டுவார். முதல் வரிசைக் கற்கள் அப்பின்சுவரிற் சாய்ந்திருக்கும். அடுத்த வரிசை முதல் வரிசையிற் சாயும். இவ்வாறே ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்தியதன்மேற் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கெனச் செய்யப்படும் கல்லில் வைக்கோல் மிகுதியாகச் சேரும், கனமோ ஐந்து சென்ரிமீற்றர்தான்; ஒரு முகத்தில் விரலாற் கீறப்பட்ட பள்ளங்கள் ஈரமண்ணைப் பற்றிக்கொள்ளும். இரு மேசன்மார் ஒன்றரை நாளில் ஓர் அறையை மூடிவிடுவர். இதிற் புதுமை ஏதுமில்லை. பழைய குர்னாவின் அருகிலேயே, இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் ஆலயமாகிய இராமெசியத்தின் பின்புறத்தில், இதே முறையிற் கட்டப்பட்ட களஞ்சியங்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன. தமது நாட்டின் தலைநகரில் இக்கலை மறைந்து, ஓரத்து மக்களிடம் உயிரோடிருந்தமையைப் பத்ஹி பெரிதும் வியந்தார். அவ்வியப்பு நியாயமானதே.

1945ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பணி தொடங்கியது. அஸ்வானிலிருந்து நூபிய மேசன்மார் வரவழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 900 குடும்பங்களுக்கு வீடு; ஒரே அச்சில் வார்த்த வீடுகளல்ல, ஒவ்வொன்றும் வேறுபட்ட அமைப்பு. உறவினக் குழு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சதுக்கத்தைச் சுற்றி வாழும். தெருக்கள் வேண்டுமென்றே வளைந்து செல்லும். அந்நியர் இது பொதுவழியன்று என்று தாமே உணர்ந்து கொள்வர். பள்ளிவாசல், சந்தை, ஊர் மண்டபம், நாடக அரங்கு, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பாடசாலைகள், கைப்பணியாளர் தங்கித் தொழில் பழக்கும் விடுதி ஆகியனவும் திட்டத்தில் இடம்பெற்றன. பாடசாலைக்கு அமைத்த காற்றுவாங்கிக் கோபுரத்தில், உள்வரும் காற்று ஈரக் கரியினூடாக இறங்கி வெப்பத்தைப் பத்துப் பாகை வரை தணித்ததாக அவர் குறிக்கின்றார். கல் அரிவதற்கு மண் எடுத்த குழியையும் அவர் வீணாக்கவில்லை. தேங்கிய வாய்க்கால் நீரிற் குளிக்கும் சிறுவரைப் பில்ஹார்சியா நோய் வாட்டியமையால், அக்குழியைச் சுத்தமான நீர் நிறைந்த குளமாக்கிக் கரையில் மரம் நடத் திட்டமிட்டார். கல்லறையை இழப்போர் பிழைப்புக்கு வேறுவழி காண வேண்டுமே என்று நெசவு, மட்பாண்டம், நிறக்கண்ணாடி முதலிய தொழில்களையும் சிந்தித்தார். பிற்காலத்துச் சூழலியற் கிராம நூல்கள் கேட்கும் வினாக்களுள் அவர் விட்டுவைத்தது மிகச் சிலவே.

எனினும் அந்த விடையெல்லாம் எவருடைய விடை என்ற வினா எஞ்சி நிற்கின்றது. இதற்குத் தண்ணீர் பற்றிய அவருடைய முடிவு ஒன்றே தக்க சான்றாகும். வீடுதோறும் குழாய்நீர் வழங்குவதா, அன்றிப் பொதுவிடங்களில் நீர்ப்பம்பி வைப்பதா என்று அவர் நீள ஆராய்கின்றார். தண்ணீர் எடுக்கச் செல்வது பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அங்கேதான் அவர்கள் தம்முட் கூடிப் பேசுவர். மணமகள் தேடும் இளைஞன் அவ்வழியிலேதான் கன்னியரைக் காண்பான். தலையிற் குடம் சுமப்பதனாலேயே அப்பெண்களுக்கு நிமிர்ந்த நடை வாய்த்தது. இக்காரணங்களால் வீட்டுக்குள் குழாய் வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. இதில் உண்மை அறவே இல்லை என்று கூறுதல் முடியாது. கிணற்றடி எவ்வூரிலும் பெண்களின் சபைதான். ஆனால் நிறைகுடத்தின் அழகைக் காண்பவர் ஒருவர், அதன் பாரத்தைத் தாங்குபவர் வேறொருவர். குழாய் வேண்டுமா என்று குர்னாப் பெண்களிடம் கேட்கப்பட்டிருப்பின் அவர்கள் என்ன சொல்லியிருப்பர்? அந்த விடை எந்த ஏட்டிலும் இல்லை.

கேட்க இயலவில்லை என்பதைப் பத்ஹி ஒளிக்கவில்லை. பெண்களை அணுகுதற்கு அவர்தம் ஆடவர் இடங்கொடுக்கவில்லை; ஆடவரோ வீட்டமைப்பைப் பற்றிப் பேச ஆர்வங் காட்டவில்லை. ஆகவே ஏறத்தாழ இருபது வீடுகளை மாதிரியாகக் கட்டிக் காட்டி, அவற்றைப் பார்த்தேனும் மக்கள் வாய் திறக்கட்டும் என்று அவர் எண்ணினார். குடும்பமும் கட்டடக்கலைஞனும் மேசனும் என மூவரும் கூடி வீட்டை ஆக்குதலே அவர் கொள்கை. கொள்கை மிக உயர்ந்தது. அம்மூவருள் ஒருவர் அங்கே இருக்கவில்லை. தமது வீட்டை இழக்க விரும்பாத ஒருவரிடம் சென்று, புதிய வீட்டின் முற்றம் எப்பக்கம் இருக்கலாம் என்று வினவினால் அவர் மௌனமாகத்தானே இருப்பார்! அந்த மௌனத்தை உழவரின் அறியாமை என்றும் கூச்சம் என்றும் நூலாசிரியர் விளக்க முற்படும் இடங்களில் நம்மால் அவரோடு உடன்பட இயலவில்லை. மௌனமும் ஒரு விடையே. அதன் பொருள் ‘வேண்டாம்’ என்பது.

மௌனம் விரைவில் செயலாயிற்று. புதிய ஊர் அமைந்த இடம் நைலின் வெள்ளநீரைத் தேக்கிப் பாய்ச்சும் தாழ்ந்த வயற்பரப்பு. சுற்றிலும் அமைந்த மண்ணணையே அதனை நீரினின்றும் காத்தது. வெள்ளக் காலத்தில் அவ்வணையை எவரோ வெட்டிவிட்டனர். தண்ணீர் கட்டடங்களை நோக்கிப் புகுந்தது. மண்வீட்டுக்குத் தண்ணீரைவிடக் கொடிய பகை வேறு இல்லை. அணையை அடைக்கத் தாம் பட்ட பாட்டையும் ஊரார் உதவ முன்வராது நின்றமையையும் பத்ஹி மனம் நொந்து எழுதுகின்றார்.

மறுபுறத்தே திணைக்களத்தார். அவர்கள் அணை வெட்டவில்லை, கோவைகளைத் தாமதித்தார்கள். வைக்கோல் வாங்க அனுமதி, கூலி வழங்க அனுமதி, கணக்குக்கு விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம் என்று பருவங்கள் கழிந்தன. ஒப்பந்தக்காரருக்கு இடமளிக்காத முறை என்பதால் இதிற் பலருக்கும் ஆதாயமில்லை என்பது பத்ஹி கூறும் காரணம்; அது முற்றிலும் பொய்யென்று கொள்வதற்கில்லை. 1947இற் கொள்ளைநோயாகிய வாந்திபேதி எகிப்தெங்கும் பரவியமை மேலும் ஒரு தடையாயிற்று. 1940களின் இறுதியிற் பணி நின்றது. பள்ளிவாசல், சந்தை, அரங்கு முதலிய பொதுக் கட்டடங்கள் எழுந்திருந்தன; எண்ணிய வீடுகளுள் ஒரு சிறு பகுதியே முடிவுற்றிருந்தது. மலைச்சரிவினர் மலைச்சரிவிலேயே இருந்தனர்.

இத்தோல்விக்கு யார் பொறுப்பு? நெடுங்காலம் பத்ஹியின் விடையே எல்லோருடைய விடையாகவும் இருந்தது: கல்லறைக் கொள்ளையை விட மனமில்லாத ஊர்ப் பெரியவர்கள் ஒருபுறம், பொறாமையும் சோம்பலும் நிறைந்த அலுவலர் மறுபுறம். வரலாறு பயிலும் மாணவர் இங்கே சற்று நிதானித்தல் வேண்டும். குர்னாவின் கதைக்கு நம்மிடம் உள்ள முதன்மைச் சான்று ஒரேயொரு நூல். அதுவும் தோல்வியுற்றவர் இருபது ஆண்டுகளின் பின் தம் பக்க நியாயத்தை எடுத்துரைக்கும் நூல். அணையை வெட்டியவர் நூல் எழுதவில்லை. ‘கள்வர்’ என்ற சொல்லை ஆராயாது எடுத்தாண்டால் அணை வெட்டியமை வெறுங் குற்றச்செயல் ஆகிவிடும். அதனை விலக்கிப் பார்த்தால், வீட்டையும் தொழிலையும் ஒருங்கே பறிக்கும் ஆணையொன்றுக்கு எளியோர் காட்டிய எதிர்ப்பாக அது தோன்றும். அரசியல் அறிஞர் திமதி மிச்செல் 2002இல் வெளியிட்ட நூலொன்றில், குர்னா மக்களை இவ்வாறு சட்டத்துக்கடங்காதோராகச் சித்திரிக்கும் வழக்கத்தையே வினாவுக்கு உட்படுத்தினார். மானிடவியலாளர் கீஸ் வன் டெர் ஸ்பெக் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மலைச்சரிவில் வாழ்ந்தோரைக் கல்லறைகளின் அயலவராகவும், தொழிலாளராகவும், தமக்கெனத் தனியான வாழ்வுமுறை உடையவராகவும் காட்டிற்று. ஹஜ் யாத்திரை சென்று மீண்டவர் தம் வீட்டுச் சுவரில் அப்பயணத்தை ஓவியமாகத் தீட்டும் அவ்வூர் வழக்கம் கல்லறை ஓவியங்களைக் காண வந்த பயணிகளையும் கவர்ந்தது.

கட்டட வடிவமும் ஒரு காரணம் என்பர். குர்னாவின் வீடுகள் தட்டைக் கூரையின. நூபியரின் வளைவுக்கூரையும், பள்ளிவாசல்களுக்கும் அடக்கத்தலங்களுக்கும் உரிய குவிமாடமும் அவ்வூரார் வீட்டுக்கு அந்நியமானவை. பத்ஹி எகிப்தின் ஒரு மூலையில் உயிரோடிருந்த மரபை இன்னொரு மூலைக்குக் கொணர்ந்தார். கெய்ரோவிலிருந்து நோக்குபவருக்கு இரண்டும் ‘நம் மரபு’. குர்னாவிலிருந்து நோக்குபவருக்கோ அஸ்வானும் வேற்றூரே. கல்லறைகளிலிருந்து வெளியேற்றப்படுவோரைக் குவிமாடத்தின் கீழ்க் குடியிருக்கச் சொன்னமையிற் பொதிந்துள்ள முரணை அன்று எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முன்னர் நினைவில் இருத்துமாறு கேட்டதற்கு இனி வருவோம். சூழலியல் நோக்கிற் பழைய குர்னாவையும் புதிய குர்னாவையும் ஒப்பிட்டால் விந்தையான முடிவொன்று பெறப்படுகின்றது. பழைய ஊர் பயிர் விளையாப் பாறையில் இருந்தது. புதிய ஊர் வண்டல் வயலை விழுங்கிற்று. பழைய ஊர் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருந்தது. புதியதற்கு அணை வேண்டியிருந்தது. பழைய ஊரைக் கட்டியவர் அதில் வாழ்ந்தவரே. புதியதற்கு வேற்றூர் மேசன்மாரும் அரசாங்கப் பணமும் தேவைப்பட்டன. உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கைத்திறன், இயற்கையோடு இயைபு என்று நாம் தொடக்கத்திற் கூறிய இலக்கணம் அகற்றப்படவிருந்த ஊருக்கே நன்கு பொருந்துகின்றது. அங்கே குடிநீர் இல்லை, சுகாதார வசதி இல்லை, வறுமை இருந்தது என்பன உண்மை. அவற்றுக்கு மாற்று இடப்பெயர்வுதானா என்பதே வினா.

மண்கல்லின் நிலைபேறு பற்றியும் ஒன்று கூறவேண்டும். எகிப்தின் மண் வற்றாததாக இருந்தமைக்குக் காரணம் ஆண்டுதோறும் நைல் கொணர்ந்த வண்டல். 1970இல் அஸ்வான் உயர் அணை நிறைவெய்தியதோடு அவ்வரவு ஓய்ந்தது. விளைநிலத்து மேல்மண்ணைக் கல்லறுக்க அகழ்தல் நிலத்தைக் கொல்வதாயிற்று. 1983ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதனைத் தடை செய்தது. மேலும், ஆண்டு முழுவதும் நீர்ப்பாசனம் நிகழத் தொடங்கியதால் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஊறிப் புதிய குர்னாவின் சுவர்களை அடியிலிருந்து அரிக்கலாயிற்று. ஒரு பொருள் இயற்கையானது என்பதால் மட்டும் அது என்றும் நிலைபேறானதாகிவிடாது; அதனை நிரப்பித் தரும் சுழற்சி அறுந்தால் மண்ணும் சீமெந்தைப் போலவே தீர்ந்துபோகும் பொருளாகின்றது. இதனைப் பத்ஹி 1945இல் முன்னுணர்ந்திருக்க முடியாது. அவருக்குப் பின் மண்வீட்டைப் போற்றுவோர் உணர்தல் தகும்.

பத்ஹியின் பெருமை இதனாற் குன்றாது. 1957இல் அவர் தாய்நாட்டை நீங்கி ஏதென்சு நகரிற் சில ஆண்டுகள் பணியாற்றினார். மீண்டு வந்தபின் பாலைவனத்துப் பசுந்திடலொன்றில் தொடங்கிய பாரிஸ் என்ற கிராமமும் 1967ஆம் ஆண்டுப் போரினால் இடைநின்றது. எகிப்தில் அவருக்குக் கிட்டாத செல்வாக்கை நூல் வெளியுலகில் ஈட்டிக் கொடுத்தது. 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசும், ‘மாற்று நோபல்’ எனப்படும் வாழ்வுரிமைப் பரிசும் அவரை வந்தடைந்தன. தமிழகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஓரோவிலில், சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய மண்கற்களாற் கட்டப்பட்ட பார்வையாளர் நிலையம் 1992இல் ஹசன் பத்ஹியின் பெயரால் அமைந்த சர்வதேச விருதைப் பெற்றது. மண்ணாற் கட்டுதல் தாழ்வன்று என்று கற்றோரை ஏற்கச் செய்தமை அவருடைய தனிச் சாதனையே. நம் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மண்சுவர் வீடு ‘முன்னேறாமையின்’ அடையாளமாக எண்ணப்பட்டுக் கல்வீடே கௌரவம் என்ற நினைப்பு வலுத்துள்ள நிலையில், அவருடைய நூல் இன்னும் படிக்கப்பட வேண்டியதாகும்.

பழைய குர்னாவின் முடிவோ அத்துணை மேன்மையாக அமையவில்லை. பத்ஹி மக்களை இணங்கவைக்க முயன்று தோற்றார். அவருக்குப் பின் வந்தோர் இணக்கத்தைக் காத்திருக்கவில்லை. 1998 சனவரியில் வீடுகளை இடிக்கப் பொறிகளோடு வந்த அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் மூண்ட மோதலில் நால்வர் உயிரிழந்தனர். 2006 டிசெம்பரில் இடிப்பு மீண்டும் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் மலைச்சரிவின் வீடுகள் பெரும்பாலும் தரைமட்டமாயின. மக்கள் வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில், பாலைவன ஓரத்தில், வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட கொங்கிறீற்று வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு விதமான வீடு என்று கனவு கண்ட கட்டடக்கலைஞர் அப்பொழுது உயிரோடில்லை.

புதிய குர்னா வேறொரு வகையில் வாழ்கின்றது. வெறுமையாய்க் கிடந்த வீடுகளிற் காலப்போக்கிற் குடும்பங்கள் வந்து குடியேறின. தீப்ஸ் உலக மரபுரிமைப் பிரதேசத்தினுள் அது அடங்குவதால் யுனெஸ்கோவின் கவனமும் அதன்மேல் விழுந்தது. 2010இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அதனை அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. பள்ளிவாசல், அரங்கு முதலிய பொதுக் கட்டடங்களில் திருத்தப் பணிகள் நடந்துள்ளன. வீடுகளைத்தான் காத்தல் அரிதாக இருக்கின்றது. உப்பரித்த சுவரை இடித்துச் சுட்ட செங்கல்லாற் கட்டுகின்றனர். முற்றத்தை மூடி அறையாக்குகின்றனர். பழைய குர்னாவின் தட்டைக் கூரையில், மகனுக்கு மணமாகும் காலத்தில் மேலே ஒரு தளம் எழுப்பிக் கொள்ளலாம். பத்ஹியின் குவிமாடம் அதற்கு இடந்தராது. ஆகவே அவ்வூர்க் குடும்பத்தவர் பலர் குவிமாடத்தை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் தட்டையான கொங்கிறீற்றுத் தளமொன்றை வார்த்து, அடுத்த மாடிக்கான கம்பிகளை மேலே நீட்டி விட்டு வைத்திருக்கின்றனர்.